தண்ணி கேன் – 2

நகருது, நகருது, வரிசை நகருது. நகருதுன்னா பெருசா ஒண்ணுமில்லை, எனக்கு முன்னாடி நிக்கிற பச்சை ஸ்வெட்டர்க்காரம்மா ஒரு எட்டு தள்ளிப் போயிருக்காங்க, நானும் ஒரு எட்டு வெச்சாச்சு. நல்லாத்தான் இருக்கு. இருபத்திரண்டு மணி நேரம் மடக்கி வெச்சிருந்த முழங்கால் இப்பத்தான் நீண்டு நிக்குது. கீழே கம்பளம் விரிச்சிருக்கான், காலுக்கு மெத்துமெத்துன்னு இருக்கு, பரிதி வாங்கிக் கொடுத்த கம்பளி சாக்ஸு வேற. காலைல பத்து மணியாம் இங்க. ஊர் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகுது, எல்லா ஏர்போர்ட்டும் ஒரே வாசனைதான், தரை துடைக்கிற தண்ணியும் காப்பியும் கலந்த வாசனை. என் மகன் பரிதி எனக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு நிக்கிறான். பத்து வருஷமா அவனுக்கு இங்கதான் வேலை. லீவு போட்டு வந்து என்னைக் கையோட கூட்டிட்டுப் போறான், ஆறு மாசம் வெச்சிருந்து அனுப்பறானாம். "அம்மா, போனை அணைச்சிட்டியா?" அணைச்சிட்டேன்டா. "முழுசா?" முழுசா. இதோட நாலாவது தடவை. பத்து நாளா இதே பாடம். விரல் வெச்சுத் திறக்கிற பூட்டை எடுத்துடணும், நீளமா ஒரு நம்பர் போடணும், பழைய பேச்சு, படம், குரூப்பு எல்லாத்தையும் அவன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிட்டு போன்லேர்ந்து அழிச்சிடணும், இறங்கறப்ப போன் அணைஞ்சிருக்கணும். கேட்டா பொய் சொல்லக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது. "நீ விசிட்டர்ம்மா. திறக்க மாட்டேன்னு சொன்னா அடுத்த பிளேன்லயே உன்னைத் திருப்பி ஏத்திடுவாங்க. அதனால திறக்கச் சொன்னா திறந்துடு. ஆனா உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது, வெறும் டப்பாவா இருக்கணும்." அவன் ஆபீஸ்ல ஒருத்தரை நாலு மணி நேரம் உக்கார வெச்சு, அவர் பொண்டாட்டியோட பிரசவத்து படம் வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்களாம். அதுலேர்ந்து இவன் இப்படி. இவன் போனே இங்க வீட்டுல இருக்கு, சட்டைப்பையில இருக்கிறது பயணத்துக்குன்னு வாங்கின மட்டமான ஒரு போன். "நம்ம மேல தப்பு இருக்கா இல்லையாங்கறது பேச்சு இல்லைம்மா. அந்தரங்கம்மா. அது நம்ம உரிமை." சொல்றப்ப கண்ணு எப்படிப் பளபளக்குது இவனுக்கு! சொல்லிட்டு அடுத்த நிமிஷமே கையை நீட்டறான், "உன் போனைக் கொடு, நானே கிளீன் பண்ணித் தரேன்." அட என் அந்தரங்கமே!

கொடுக்கலை. நானே பண்ணிக்கறேன்டான்னு சொல்லிட்டு பாத்ரூம்ல போய் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து ஒரு மணி நேரம் அழிச்சேன். என்னென்ன இருந்துச்சுங்கறீங்க! அபார்ட்மென்ட் குரூப்பு, பிரதோஷ குரூப்பு, சித்தப்பா வீட்டுக் கல்யாண குரூப்பு, அந்தக் கல்யாணமே டைவர்ஸ் ஆகி மூணு வருஷமாச்சு. காலை வணக்கம் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம். ரோஜாப்பூ காலை வணக்கம், பிள்ளையார் காலை வணக்கம், காப்பி டம்ளர்ல ஆவி பறக்கற காலை வணக்கம். ஒவ்வொண்ணா அழிக்க அழிக்க எனக்கே பாவமா இருந்துச்சு. எல்லாம் போச்சு. ஒண்ணைத் தவிர. ஒண்ணே ஒண்ணு. தண்ணி கேன் ரெண்டு. தண்ணி கேன் ஒண்ணுன்னு போட்டிருக்கிறது எங்க பிளாட்டுக்கு நெஜமாவே கேன் போடற மாரியப்பன். தண்ணி கேன் ரெண்டு வேற ஆளு. போன் சாப்பாட்டு மேசை மேலயே கிடக்கும், தங்கச்சி வருவா, பக்கத்து வீட்டம்மா வருவாங்க, டிங்குன்னு சத்தம் வந்தா எல்லார் கண்ணும் அங்கதான் போகும். சங்கரலிங்கம்னு பேர் வந்தா யாரு சங்கரலிங்கம்னு கேப்பாங்க. தண்ணி கேன்னு வந்தா எவ கேக்கப் போறா? நல்ல யோசனைன்னு எனக்கே என் மேல ஒரு பெருமை. ஒரு தடவை மட்டும் கை தவறி மாரியப்பனுக்கு "சாப்டீங்களா?"ன்னு அனுப்பிட்டேன். "சாப்டேன்மா, நீங்க சாப்டீங்களா"ன்னு மனுஷன் பதில் போட்டு, சாயங்காலம் கேட்காமலே ரெண்டு கேன் கொண்டாந்து வெச்சிட்டுப் போனாரு. அந்தத் தண்ணி தீர வாரமாச்சு. இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது. வரிசையில தனியா சிரிக்கக் கூடாது இந்திராணி, பிடிச்சு உள்ள வெச்சிடுவான். தண்ணி கேன் ரெண்டை அழிக்கத்தான் போனேன். விரல் மேல போச்சு. அழிக்கவான்னு அது கேட்டுச்சு. ரெண்டு வருஷத்துப் பேச்சு. அழிச்சா போயிடும். அழிக்காம பரிதி கம்ப்யூட்டர்ல ஏத்தினா அவன் கண்ணுல படும். வெளியிலேர்ந்து "என்னம்மா, ஆச்சா?"ன்னு கதவைத் தட்டறான். ஆச்சுடான்னு தண்ணியைத் திறந்துவிட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

வரிசை மறுபடி நிக்குது. கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒருத்தர் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரு. வேலை பார்க்கிறவங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கிறது எனக்கு எப்பவும் பிடிக்கும். நானும் அப்படி உக்காந்தவதானே, திருச்சி ட்ரங்க் எக்ஸ்சேஞ்சுல. எண்பத்து மூணுல, இருபது வயசுல. நீளமா ஒரு போர்டு, வரிசையா பொண்ணுங்க, எல்லார் காதுலயும் ஹெட்போன். விளக்கு எரியும், கயிறை எடுத்துச் செருகணும், நம்பர் ப்ளீஸ், வெளியூரைக் கூப்பிடணும், சேர்த்துவிடணும், மூணு நிமிஷம் ஆனா எக்ஸ்டெண்ட் பண்ணவான்னு கேக்கணும். சேர்ந்த அன்னைக்கே சூப்பர்வைசர் ரெஜினா மேடம் கூப்பிட்டு உக்கார வெச்சு சொன்னாங்க, "காதுல விழறது தப்பில்லை, அது தொழில். ஆனா விழுந்தது வாய்க்கு வரக் கூடாது. கனெக்ஷன் கொடுத்தியா, கேக்கற சாவியைத் தள்ளி மூடிட்டு ஒதுங்கிடு. போன் பேசற பார்ட்டிக்குப் பதிலா நீ பேசாதே, அவங்க சொல்லாததை நீ சொல்லாதே." கையெழுத்து வேற வாங்கிக்கிட்டாங்க. எத்தனை சாவு, எத்தனை சண்டை, எவ்வளவு கள்ளத்தனம், கடவுளே, ஒரு ஊரே காதுக்குள்ள வந்து போச்சு. ஒண்ணாவது வெளிய போச்சா? பரிதி அப்பாகிட்டகூடச் சொன்னதில்லை. அந்தரங்கம்னு இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். கேட்டுக்கிறேன், புள்ளை சொல்றது காதுக்கு நல்லாத்தான் இருக்கு. போர்டுல எங்களுக்குப் பேர் கிடையாது, ஊர்தான் பேரு. நான் திருச்சி. மதுரை ஒருத்தி, கோயமுத்தூர் ஒருத்தி, எப்பவும் எரிஞ்சு விழுவா. விருதுநகர் ஆம்பளைக் குரல். "விருதுநகர், திருச்சி பேசறேன், லைன் கொடுங்க." "இருங்க திருச்சி, ஒரு பார்ட்டி பேசிக்கிட்டிருக்காரு." அந்த இடைவெளியில ரெண்டு வார்த்தை. அங்க மழையா? இங்க எங்கங்க மழை, புரோட்டாக் கடைப் புகைதான். அவ்வளவுதான் பேச்சு. பதினோரு வருஷம். முகம் தெரியாது, கல்யாணம் ஆச்சா இல்லையா தெரியாது, கேட்டதுமில்லை. பரிதி பொறந்து லீவு முடிஞ்சு போர்டுல வந்து உக்காந்த அன்னைக்கு, "எங்க திருச்சி மூணு மாசமா ஆளையே காணோம், என்ன குழந்தை?"ன்னு கேட்டாரு. பையன்னேன். "எத்தனை கிலோ?" மூணேகால்னேன். நாலாம் நாள் விருதுநகர் பஸ்ஸுல ஒரு டப்பா காராச்சேவு வந்து இறங்குச்சு, மேல வெறுமனே திருச்சி எக்ஸ்சேஞ்சு, திருச்சி அவர்களுக்குன்னு எழுதி. ஆபீஸ்ல கொடுத்தாங்கன்னு வீட்டுக்குக் கொண்டுபோனேன். பரிதி அப்பாதான் முக்கால்வாசி தின்னாரு. காரம் பத்தலைன்னு ஒரு குறை வேற சொன்னாரு.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, கை நீட்டினது கிடையாது, போய் ஒம்பது வருஷமாச்சு, வருஷா வருஷம் திதி கொடுக்கிறேன், கொடுக்கிறப்ப அழுகையும் வருது. ஆனா பாருங்க, முப்பது வருஷத்துல தினமும் அவர் என்னைக் கேட்டது சோறு ஆச்சான்னுதான். நான் தின்னேனான்னு கேட்டதில்லை. கேக்கணும்னு அவருக்குத் தோணலை, கேக்கலையேன்னு எனக்கும் தோணலை. தோண வெச்சது இந்தத் தண்ணி கேன்தான். ரெண்டு வருஷம் முன்னாடி ஓய்வூதியர் சங்கக் கூட்டம், மதுரையில. மூணாவது வரிசையில உக்காந்து எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைப் பிரிச்சிருக்கேன். மேடையில யாரோ நன்றியுரை சொல்ல வந்து மைக்கைத் தட்டிட்டு, "ஹலோ, விருதுநகர் பேசறேன், எல்லா ஊரும் லைன்ல இருக்கீங்களா?"ன்னாரு. சபையே சிரிச்சுது. எனக்குச் சோத்துல வெச்ச கை அப்படியே நின்னு போச்சு. தலை வழுக்கை, தடிக் கண்ணாடி, ஒல்லி. நான் மனசுல வெச்சிருந்த ஆளு இது இல்லவே இல்லை. ஆனா குரல் அதே குரல். கூட்டம் முடிஞ்சு பக்கத்துல போய் நின்னு, "இங்க திருச்சி"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை. மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, துடைச்சாரு, துடைச்சுக்கிட்டே இருந்தாரு. "மூணேகால் கிலோ எப்படி இருக்கான்?"னு கேட்டாரு. அவருக்கும் சம்சாரம் போய் ஆறு வருஷமாச்சாம், ஒரே பொண்ணு, கட்டிக் கொடுத்தாச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சது. திருச்சி, எழுந்தாச்சா? திருச்சி, சாப்டாச்சா? திருச்சி, மாத்திரை போட்டாச்சா? திருச்சி, இங்க இன்னைக்கு நெஜமாவே மழை. அறுபது வயசுல ஒருத்தி காலைல கண்ணு முழிக்கறப்ப சும்மாவே சந்தோஷமா முழிக்கிறான்னா யார்கிட்டங்க போய் அதைச் சொல்றது? போன மாசம் என்னைப் பார்க்க வந்துட்டு ஊருக்குத் திரும்பறப்ப, எழும்பூர் ஸ்டேஷன்ல, ரயில் கிளம்பற நேரம் பார்த்து, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கேட்டாரு. "திருச்சி, இன்னும் எத்தனை வருஷம் ட்ரங்க்லயே பேசிக்கிட்டு இருக்கிறது? ஒரே ஊர்ல, ஒரே வீட்ல இருந்துட்டா என்ன? முறைப்படி ரெஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக்கலாம். எம்பொண்ணுக்குச் சொல்லிட்டேன்." எனக்கு வேர்த்துப் போச்சு. சரின்னேன். பரிதிகிட்ட சொல்லிட்டுத்தான்னேன். "சொல்லுங்க, சொல்லிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்"னாரு. ரயில் போயிடுச்சு.

சொல்லணும். இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைச்சு நினைச்சே பத்து நாள் ஓடிப் போச்சு. பரிதி தோசை தின்னறப்ப வாயைத் திறந்தேன், சட்னி வைக்கவான்னு வார்த்தை மாறிப் போச்சு. பிளேன்ல பக்கத்துப் பக்கத்து சீட்டு, எங்க எந்திரிச்சு ஓடிடப் போறான்? பரிதின்னேன். என்னம்மான்னான். ஒண்ணுமில்லை, குளிருதுன்னேன். போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். அவன் கையைப் பார்த்தா அப்பா கையேதான். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்குள்ள ஒரு லைன் போட முடியலை பாருங்க. பரவாயில்லை, இவன் வீடு போய்ச் சேர்ந்ததும், குளிச்சு முடிச்சு, ரசம் வெச்சுக் கொடுத்து, ரசம் உள்ள போனதும் சொல்லிடலாம். ஆமா, அதான் சரி. இதோ எங்க முறை வந்துடுச்சு. கூண்டுக்காரர் என்னைப் பார்த்து எதுக்காக வர்றீங்கன்னு இங்கிலீஷ்ல கேக்கறாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பரிதி, "அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் சொல்றேன்"னு அவங்க பாஷையில சொல்லியாச்சு. வராதாம்! நீ வயித்துல இருக்கறப்பவே ஒரு நாளைக்கு இருநூறு தடவை நம்பர் ப்ளீஸ் சொன்னவடா நான். போகட்டும், புள்ளை ஆசையா பேசறான், பேசட்டும். எல்லாத்துக்கும் அவனே பதில். எங்க தங்குவாங்க, எத்தனை மாசம், கையில என்ன. கூண்டுக்காரர் ஒரு சீட்டுல ஏதோ கிறுக்கிக் கொடுத்து, அந்தப் பக்கம் போங்கன்னு கையைக் காட்டறாரு. பரிதி முகம் வெளுத்துப் போச்சு. "சும்மா ஒரு செக்தாம்மா. பயப்படாதே. போன் கிளீனாத்தானே இருக்கு?" இருக்குடான்னேன்.

நீளமான எவர்சில்வர் மேசை, மேல ஒண்ணும் இல்லை. இந்தப் பக்கம் நாலு நாற்காலி. உக்காந்திருக்கோம். பச்சை ஸ்வெட்டர்க்காரம்மா ஜாலியா வெளிய போயிட்டாங்க. போகட்டும், பயம் எதுக்கு, நான் என்ன தங்கமா கடத்தறேன்? போனைக் கேப்பாங்க. கேக்காமலும் போகலாம். கேட்டா திறக்கணும். திறந்தா என்ன இருக்கு உள்ள? ஒண்ணும் இல்லை. குரூப்பு இல்லை, காலை வணக்கம் இல்லை, தங்கச்சி பேச்சுகூட இல்லை, யார் பேச்சும் இல்லை. தண்ணி கேன் ரெண்டு மட்டும்தான். ஐயையோ! இப்பத்தான் உறைக்குது. மூவாயிரம் ரோஜாப்பூவுக்கும் பிள்ளையாருக்கும் நடுவுல இருந்திருந்தா எவன் கண்ணுல பட்டிருக்கும் அது? வீட்டையே காலி பண்ணிட்டு நடுக்கூடத்துல பீரோவை மட்டும் விட்டுட்டு வந்திருக்கேன். அடி கூமுட்டை! எல்லாத்தையும் வெச்சிட்டு இதை மட்டும் அழிச்சிருக்கணும், இல்லை எதையுமே அழிக்காம இருந்திருக்கணும். இப்ப அழிச்சிடலாமா? போனைத் திறந்து, பரிதி அந்தப் பக்கம் பார்க்கிறப்ப, ஒரு நிமிஷம் போதும். கை பையை நோக்கிப் போகுது. சாப்டாச்சா திருச்சி. மழை திருச்சி. போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராப்பகலா மணிக்கொரு தடவை, திருச்சி, லைன்ல இருக்கீங்களா, இருக்கீங்களா. கையை எடுத்துட்டேன். மாட்டேன். ஏத்தி அனுப்பினாலும் சரி, மாட்டேன். பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டேன், ஆனா மனசுல எங்கயோ ஒரு நிம்மதி வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. என்னன்னே தெரியலை. பரிதி என் கையைப் பிடிச்சுக்கிட்டான். "குளிருதாம்மா?"

கூப்பிட்டாச்சு. கிராப்பு வெட்டின பொம்பளை, என் வயசுல பாதி இருக்கும், சிரிச்ச முகம். மரியாதையாத்தான் பேசறாங்க. பையைத் திறந்து வடகத்தை மோந்து பார்த்தாங்க, சாம்பார் பொடியை ஆட்டிப் பார்த்தாங்க, வெச்சிட்டாங்க. போன்? கொடுத்தேன். போட்டாங்க, எரிஞ்சுது. நம்பர் கேட்டாங்க. வாயால சொல்ல மாட்டேன், நானே போடறேன்னு சைகை காட்டினேன், பரிதி அதை அவங்களுக்குச் சொன்னான். சரின்னு நீட்டினாங்க. சைபர் நாலு மூணு ஒண்ணு, சைபர் நாலு அஞ்சு ஆறு ரெண்டு. பரிதி என் விரலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். முதல் நாலும் திருச்சி எஸ்.டி.டி. நம்பர்னு அவனுக்குத் தெரியும், சின்ன வயசுல அதைச் சொல்லித்தான் போன் பண்ணுவான். மீதி விருதுநகர் நம்பர், அது தெரியாது. அந்தம்மா தள்ளிப் பார்க்கறாங்க. படம் மூணு, நான், தங்கச்சி, துளசிச் செடி. பேச்சு ஒண்ணு. புருவம் மேல போகுது. போனைப் பரிதி பக்கம் திருப்பி, இது என்ன எழுதியிருக்குன்னு கேக்கறாங்க. பரிதி குனிஞ்சு படிக்கறான். "தண்ணி கேன் ரெண்டு. குடிக்கிற தண்ணி, வீட்டுக்குக் கொண்டுவந்து போடறவங்க." அந்தம்மா விரலால மேல தள்ளறாங்க, தள்ளறாங்க, அது போய்க்கிட்டே இருக்கு. தண்ணி போடறவர்கிட்ட தினமும் இத்தனை பேச்சா? போன்ல வேற யாருமே இல்லையே? கடைசியா வந்தது என்னன்னு படிங்கன்னாங்க. பரிதி படிக்கறான். மொதல்ல மனசுக்குள்ள படிக்கறான், எனக்குத் தெரியுது, அவன் காது செவந்து போச்சு. அப்புறம் தமிழ்லயே மெதுவா வாய்விட்டுப் படிக்கறான், "திருச்சி, ஏறியாச்சா? பரிதிகிட்ட சொல்லியாச்சா? அவசரமில்லை. நான் லைன்லயே இருக்கேன்." மேசை அவ்வளவு பெருசா ஆயிடுச்சு. அவன் அந்தக் கோடியில, நான் இந்தக் கோடியில. "அம்மா, யாரும்மா இது?" அந்தம்மாவும் அவங்க பாஷையில அதையேதான் கேக்கறாங்க, யார் இவரு? பரிதி நிமிர்ந்தான். தொண்டையைச் செருமிக்கிட்டு, எனக்காக, என்னைக் காப்பாத்தறதுக்காக, கடகடன்னு சொன்னான், "ஃபேமிலி ஃப்ரெண்ட். எங்க குடும்ப நண்பர்." அந்தம்மா தலையாட்டிட்டு எழுதப் போறாங்க. முடிஞ்சுது. எழுதிட்டா முடிஞ்சுது, போகலாம், ரசம் வைக்கலாம், சொல்லாமலே இருந்துடலாம், ஆறு மாசம் இருந்துட்டுத் திரும்பிடலாம். பார்ட்டிக்குப் பதிலா நீ பேசாதேன்னு ரெஜினா மேடம் குரல். யார் பார்ட்டி இங்க? நான்தான் பார்ட்டி.

"நோ மேடம்"னேன். எங்கேர்ந்து வந்துச்சோ அந்தக் குரல், போர்டுல உக்காந்து பேசற அதே குரல், நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா. "ராங் கனெக்ஷன். ஹீ இஸ் நாட் ஃபேமிலி ஃப்ரெண்ட். ஹீ இஸ் த மேன் ஐ ஆம் கோயிங் டு மேரி. ஐ ஹாவ் நாட் டோல்ட் மை சன் யெட்." எழுதப்போன பேனா நின்னுடுச்சு. அந்தம்மா என்னைப் பார்த்தாங்க, பரிதியைப் பார்த்தாங்க, போன்ல இருந்த தண்ணி கேனைப் பார்த்தாங்க. "இப்பச் சொல்லிட்டீங்களே"ன்னாங்க. போனை அணைச்சு ரெண்டு கையாலயும் என்கிட்டக் கொடுத்தாங்க. வாழ்த்துகள்னு ஒரு வார்த்தை. போகலாம்.

பெட்டி வர்ற இடம். பெல்ட் சுத்துது. மஞ்சத்துணி கட்டின எங்க பெட்டி ஒரு சுத்து வந்து எங்களைத் தாண்டிப் போச்சு, பரிதி எடுக்கலை. முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவன் செருப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். "எத்தனை நாளா?"ன்னான். "குரல் எண்பத்து மூணுலேர்ந்து. ஆளு ரெண்டு வருஷமா." "அப்பா இருக்கறப்பவேவா?" "வேலைடா அது. லைன் கொடுன்னு கேப்பேன், கொடுப்பாரு, மழையான்னு கேப்பாரு. நீ பொறந்தப்ப எத்தனை கிலோன்னு கேட்டு ஒரு டப்பா காராச்சேவு அனுப்பினாரு. வேற ஒரு வார்த்தை கிடையாது, உன் தலை மேல சத்தியமா." பெட்டி ரெண்டாவது சுத்தும் வந்து போச்சு. பாவம், அவனுக்கு வலிக்குது, தெரியுது, அப்பா செல்லம். எனக்கும் அழுகை வருது, வந்தாலும் உள்ள லேசா இருக்கு, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. "நான்தான் கிளீன் பண்ணித் தரேன்னு சொன்னேனே"ன்னான். "கொடுத்திருந்தா அழிச்சிருப்ப." "இல்லை. படிச்சிருப்பேன்." "அதுக்குத்தான்டா கொடுக்கலை." மூக்கால ஒரு சிரிப்பு வந்துச்சு அவனுக்கு, சிரிப்புன்னும் சொல்ல முடியாது, கண்ணைத் துடைச்சுக்கிட்டான். "போனைக் கொடு." கொடுத்தேன். உடனே திருப்பி என் கையிலயே வெச்சு, "நீயே திற"ன்னான். நான் நம்பர் போடறப்ப தலையை முழுசா அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். ஏர்போர்ட் வைஃபையை மாட்டிவிட்டான், வேற எதையும் தொடலை. "அங்க இப்ப சாயங்காலம் ஏழரை இருக்கும். மனுஷன் லைனைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு, பேசு." பெட்டி எங்க காலடியிலதான் வந்துக்கிட்டிருந்துச்சு. அதை விட்டுட்டு, பெல்ட்டோட அந்தக் கோடிக்கு, என் குரல் எட்டாத தூரத்துக்கு நடந்து போய், முதுகைக் காட்டிக்கிட்டு நின்னான்.

மணி ஒரு தடவை அடிச்சு முடியலை, எடுத்துட்டாரு. "திருச்சி?"

"விருதுநகர்"னேன். "சொல்லியாச்சு."